எல்.எல்.ஆர் முதல் லைசென்ஸ் வரை: வாசகர் கேள்வி–பதில்

இந்த இதழில் வந்திருப்பவை எல்லாமே புதிதாக வண்டி ஓட்டக் கற்றுக்கொள்பவர்களின் கேள்விகள். பதில்களில் வரும் விதிகள் 1988 மோட்டார் வாகனச் சட்டத்திலும் 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளிலும் உள்ளவை. நடைமுறை தமிழ்நாட்டினுடையது.

என் மகளுக்கு 17 வயது. கியர் இல்லாத ஸ்கூட்டர் என்றால் 16 வயதிலேயே லைசென்ஸ் எடுக்கலாம் என்கிறார்கள். டியூஷனுக்குப் போய்வர 110 சிசி ஸ்கூட்டர் வாங்கித் தரலாமா?
– ஒரு தாய், திண்டுக்கல்

தர வேண்டாம். சட்டம் 16 வயதில் அனுமதிப்பது 50 சிசிக்கு மேற்படாத இன்ஜின் உள்ள இருசக்கர வாகனத்தை மட்டுமே. அதற்கும் பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். கியர் உண்டா இல்லையா என்பது இங்கே கணக்கே இல்லை, இன்ஜின் அளவுதான் கணக்கு. இன்று கடைகளில் நிற்கும் ஸ்கூட்டர்கள் 110, 125 சிசி. அவற்றுக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவின்படி பெற்றோரோ வண்டி உரிமையாளரோதான் பொறுப்பாளி. 3 ஆண்டுகள் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது ஆகும்வரை எல்.எல்.ஆரும் (பழகுநர் உரிமம்) கிடைக்காது, லைசென்ஸும் கிடைக்காது. அந்த எட்டு ஆண்டுகளை நினைத்தாவது இன்னும் ஒரு வருடம் பொறுத்திருங்கள்.

மின்சார ஸ்கூட்டரில் ஒரு விலக்கு உண்டு. மோட்டார் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்தால் அதற்கு லைசென்ஸ் தேவையில்லை. கடைக்காரர் வாயால் சொல்வதை ஏற்காமல் வண்டியின் அங்கீகாரச் சான்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வேகக் கட்டுப்பாட்டை நீக்கிக் கொடுத்த வண்டிக்கு இந்த விலக்கு பொருந்தாது.

எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை. ஏஜென்டிடம் போகாமல் நானே எடுக்க முடியுமா? எவ்வளவு செலவாகும்?
– கல்லூரி மாணவர், விருதுநகர்

தாராளமாக முடியும். பரிவாகன் இணையதளத்தில் உள்ள சாரதி பகுதியில் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்தால் எல்.எல்.ஆர் விண்ணப்பம் கிடைக்கும். கணினி கைவசம் இல்லையென்றால் இ–சேவை மையத்தில் செய்துகொள்ளலாம். ஆதார் எண்ணைக் கொடுத்து, அதோடு இணைந்த கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பியைப் போட்டால் பெயர், பிறந்த தேதி, முகவரி, படம் எல்லாம் அங்கிருந்தே வந்துவிடும். இப்படி ஆதார் வழியாகப் போகிறவர்கள் எல்.எல்.ஆர் தேர்வை வீட்டிலிருந்தே கேமரா முன் எழுதலாம். ஆதாரைப் பயன்படுத்த விரும்பாதவர்கள் வயதுச் சான்றும் முகவரிச் சான்றும் இணைத்து, ஆர்.டி.ஓ அலுவலகத்துக்குப் போய்த் தேர்வு எழுத வேண்டும்.

மத்திய விதியில் உள்ள கட்டணம் இது: எல்.எல்.ஆருக்கு ஒவ்வொரு வாகன வகைக்கும் 150 ரூபாய், தேர்வுக்கு 50 ரூபாய். பிறகு ஓட்டுநர் தேர்வுக்கு ஒவ்வொரு வகைக்கும் 300, லைசென்ஸ் வழங்க 200. பைக்கும் காரும் சேர்த்து எடுத்தால் இரண்டாம் கட்டத்தில் 300, 300, 200 என்று 800 ரூபாய் வரும். மாநில அரசின் சேவைக் கட்டணம் இதற்குமேல் சேரும். கட்டணம் எல்லாம் இணையத்திலேயே கட்டுவது, ரசீது உங்கள் பெயரில் வரும். யாராவது மொத்தமாக ஒரு தொகை கேட்டால் ரசீதில் உள்ள தொகையைக் கழித்துப் பாருங்கள். மீதி எதற்கு என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

விண்ணப்பிக்கும்போதே பைக், கார் இரண்டையும் சேர்த்துப் போடுவதுதான் நல்லது. பிறகு காரைச் சேர்க்க வேண்டுமென்றால் எல்.எல்.ஆரிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

ஆதாரில் என் பெயருக்குப் பின்னால் அப்பாவின் முழுப்பெயர் இருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் மட்டும்தான். ஆதார் படமும் சின்ன வயதில் எடுத்தது. இப்படியே விண்ணப்பித்துவிடலாமா?
– ஐ.டி.ஐ மாணவி, கும்பகோணம்

முதலில் ஆதாரைச் சரிசெய்யுங்கள், விண்ணப்பம் அப்புறம். ஆதார் வழியாகப் போனால் அதில் உள்ள பெயர்தான் எல்.எல்.ஆரில் ஏறும், எல்.எல்.ஆரில் இருப்பதுதான் லைசென்ஸில் ஏறும். அது பாஸ்போர்ட்டோடு பொருந்தவில்லையென்றால் வெளிநாட்டு வேலைக்கு முயலும்போது பெயர் மாற்றத்துக்காகத் திரும்ப அலைய வேண்டிவரும். எந்த வடிவம் வேண்டும் என்று இப்போதே முடிவுசெய்து, ஆதார், பள்ளிச் சான்று, பாஸ்போர்ட் மூன்றிலும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

படமும் சின்ன விஷயம் இல்லை. ஆதாரில் 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகை, கருவிழி, படம் மூன்றையும் புதுப்பிக்க வேண்டும். 15 வயதுப் புதுப்பிப்பைச் செய்யாமல் விட்டவர்களுக்குச் சின்ன வயது முகம்தான் ஆவணத்தில் இருக்கும். வீட்டிலிருந்து தேர்வு எழுதும்போது கேமராவில் தெரியும் முகம் அதோடு பொருந்தவில்லையென்றால் தேர்வே தொடங்காது. பொருந்தி வந்தாலும் அந்தச் சிறுவயதுப் படம்தான் எல்.எல்.ஆரில் அச்சாகும்.

எல்.எல்.ஆர் தேர்வில் ஃபெயில் ஆகிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. என்ன படிக்க வேண்டும்?
– தனியார் நிறுவன ஊழியர், ஓசூர்

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. 60 சதவீதம் சரியாக இருந்தால் தேர்ச்சி, அதாவது 15 கேள்வி என்றால் 9. தேர்வுக் கட்டணத்தை மறுபடி கட்டித் திரும்ப எழுதலாம்.

சாலைக் குறியீடுகளை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்யத் தொடங்காதீர்கள். முதலில் வடிவத்தைப் படியுங்கள். சிவப்பு விளிம்பிட்ட வட்டம் என்றால் பெரும்பாலும் தடை அல்லது வரம்பு. நீல வட்டம் என்றால் கட்டாயம் இதைச் செய் என்று பொருள். சிவப்பு விளிம்பிட்ட முக்கோணம், முன்னால் ஆபத்து இருக்கிறது என்ற எச்சரிக்கை. நீலச் செவ்வகம் தகவல். வடிவத்தால் தனித்து நிற்பவை இரண்டு: எண்கோணம் ‘நில்’, தலைகீழ் முக்கோணம் ‘வழி விடு’. இவை பதிந்துவிட்டால் பார்த்திராத குறியீடு வந்தாலும் பாதி விடை கையில் இருக்கும்.

அடுத்து, ஓட்டுநரின் கடமைகள். ஆளில்லா ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்தி, உடன் வருபவர் இறங்கிப்போய் இரு பக்கமும் ரயில் வரவில்லை என்று பார்த்த பிறகே கடக்க வேண்டும். உடன் யாரும் இல்லையென்றால் ஓட்டுநரே இறங்கிப் பார்க்க வேண்டும். விபத்து நேர்ந்தால் அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதுதான் முதல் வேலை. அங்கே போலீஸ் இல்லையென்றால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் சொல்ல வேண்டும். சிக்னல் இல்லாத சந்திப்பில் நம் வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்கு வழி விட வேண்டும். மது அளவின் வரம்பு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராம்.

வீட்டிலிருந்து எழுதுகிறவர்கள் தோற்பதற்குப் படிப்பைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. முகத்துக்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சம் இருந்தால் முகம் இருண்டு தெரியும். யாராவது பின்னால் நடந்துபோனாலோ, பக்கத்திலிருந்து விடை சொல்லித் தந்தாலோ சிக்கல். ஒவ்வொரு கேள்விக்கும் சில நொடிகளே தரப்படும் என்பதால் இணையம் தடுமாறினால் கேள்வி கைநழுவிவிடும். தேர்வுக்குமுன் வரும் சாலைப் பாதுகாப்பு வீடியோவைத் தள்ளிவிட்டு ஓட்டாமல் முழுதாகப் பாருங்கள்.

எல்.எல்.ஆர் வந்துவிட்டது. இனி தனியாக ஆபீஸுக்கு பைக்கில் போகலாம் அல்லவா?
– கணக்காளர், மதுரை

கூடாது. கற்றுக்கொள்ளத் தரும் அனுமதிதான் எல்.எல்.ஆர். அந்த வகை வண்டிக்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவர் உங்களோடு, வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் அமர்ந்திருக்க வேண்டும். காரில் அது முன் இருக்கை. பைக்கில் பின் இருக்கை. அந்தப் பின் இருக்கையில் கற்றுத் தருபவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது.

வண்டியின் முன்னாலும் பின்னாலும் ‘எல்’ எழுத்து இருக்க வேண்டும். அதற்கு அளவும் உண்டு. வெள்ளைப் பின்னணி குறைந்தது 18 சென்டிமீட்டர் சதுரம். அதில் சிவப்பு எழுத்து 10 சென்டிமீட்டர் உயரம், 2 சென்டிமீட்டர் தடிமன், அடிப்பகுதி 9 சென்டிமீட்டர் அகலம். நம்பர் பிளேட்டின் மூலையில் ஒட்டும் சின்ன ஸ்டிக்கர் இந்த அளவுக்கு வராது.

அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து இன்சூரன்ஸில் இருக்கிறது. வாகன பாலிசியில் ‘ஓட்டுநர் விதி’ என்று ஒரு பகுதி உண்டு. எல்.எல்.ஆர் வைத்திருப்பவர் ஓட்டினால் மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ள விதி 3–ஐப் பின்பற்றியிருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். நாம் மேலே சொன்னவை எல்லாம் அந்த விதி 3–இல் உள்ளவைதான். தனியாகப் போய் ஒருவர்மேல் மோதினால், இழப்பீட்டுத் தொகையை உங்களிடமிருந்தே வசூலிக்க நிறுவனம் வழக்காடும்.

பைக் நன்றாகவே ஓட்டுகிறேன். ஆனால் எட்டு போடும்போது மட்டும் கால் ஊன்றிவிடுகிறேன். இரண்டு முறை தோற்றாயிற்று.
– மெக்கானிக்கல் மாணவர், சேலம்

சாலையில் நன்றாக ஓட்டுவதும், தேர்வில் 8 வடிவத்தில் மெதுவாக ஓட்டிக் காட்டும் எட்டு போடுவதும் வேறு வேறு திறமைகள். 40 கிலோமீட்டர் வேகத்தில் பைக் தானே நிமிர்ந்து நிற்கும். நடை வேகத்தில் அதை நிமிர்த்தி வைப்பது நீங்கள்தான். நெரிசலில், பள்ளி வாசலில், திரும்ப இடமில்லாத சந்தில் தேவைப்படுவது இந்தத் திறமைதான், அதனால்தான் தேர்வை நடத்தும் மோட்டார் வாகன ஆய்வாளர் இதைப் பார்க்கிறார்.

கால் ஊன்ற வேண்டிவருவதற்கு ஏறக்குறைய எப்போதும் மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும். முதலாவது, வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரை மூடுவது. வேகம் குறைந்ததும் சாய்ந்திருக்கும் வண்டி உள்பக்கமாகவே விழப்பார்க்கும், நீங்களும் காலை நீட்டுவீர்கள். அந்த நொடியில் தேவை சிறிது கூடுதல் இழுவை. வண்டி உடனே நிமிரும். இரண்டாவது, ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடிப்பது. திரும்பிய சக்கரம் சட்டென்று நின்றால் வண்டியின் எடை முழுவதும் ஒரு பக்கம் சரிந்துவிடும். எட்டுக்குள் நுழைந்துவிட்டால் வலக்கை விரல்கள் முன் பிரேக் மேல் இருக்கவே கூடாது. மூன்றாவது, முன் சக்கரத்தையே பார்ப்பது. கண் போகும் இடத்துக்குத்தான் வண்டி போகும். முதல் வட்டத்தில் பாதி திரும்பியபோதே முகத்தைத் திருப்பி அடுத்த வட்டம் தொடங்கும் இடத்தைப் பார்க்க வேண்டும்.

செய்முறை இப்படி. ஆக்சிலரேட்டரை ஒரே அளவில், சிறிதளவு திறந்து வைத்து அசைக்காதீர்கள். வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் இடக்கையில் பாதி பிடித்த கிளட்ச்சின் வேலை. கூடவே பின் பிரேக்கை வலக்காலால் லேசாக அழுத்திக்கொண்டே இருங்கள். இழுவையும் பிரேக்கும் ஒன்றையொன்று பிடித்து வைப்பதால் வண்டி குலுங்காது. முதல் கியரில் ஆக்சிலரேட்டரின் சிறு அசைவுக்கும் வண்டி துள்ளும் என்றால், இரண்டாம் கியரில் பாதி கிளட்ச்சோடு முயன்று பாருங்கள். வண்டி வட்டத்துக்குள் சாயட்டும், உடம்பு நிமிர்ந்தே இருக்கட்டும். முழங்கால்கள் டேங்க்கை ஒட்டியிருந்தால் இடுப்பு ஆடாது, முழங்கை தளர்வாக இருந்தால் ஹேண்டில் இலகுவாகத் திரும்பும்.

ஸ்கூட்டரில் கிளட்ச் இல்லை என்பதால் ஆக்சிலரேட்டரை மாறாமல் வைத்து இடக்கைப் பிரேக்கால் வேகத்தை அடக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: 2019 ஏப்ரலுக்குப் பிந்தைய ஸ்கூட்டர்கள் பெரும்பாலானவற்றில் இடக்கைப் பிரேக் முன், பின் இரண்டு சக்கரங்களையும் சேர்த்தே பிடிக்கும். அழுத்திவிட்டால் முன் பிரேக் பிடித்த கதைதான். விரல் தொடும் அளவு போதும்.

பயிற்சிக்குக் காலி மைதானத்தில் இரண்டு செங்கல்லை 6 மீட்டர் இடைவெளியில் வைத்துச் சுற்றுங்கள். பத்து முறை தொடர்ந்து கால் ஊன்றாமல் வந்தால் 5 மீட்டர், பிறகு 4. வலப்பக்கம் எளிதாகவும் இடப்பக்கம் கடினமாகவும் இருப்பது சகஜம், கடினமான பக்கத்துக்கு இரட்டிப்பு நேரம் கொடுங்கள். தேர்வுக்கு எந்த வண்டியை எடுத்துப்போகப் போகிறீர்களோ அதிலேயே பழகுங்கள். முன் டயரில் காற்று குறைந்திருந்தால் ஹேண்டில் கனக்கும், தளர்ந்த செயின் மெதுவான வேகத்தில் வெட்டி வெட்டி இழுக்கும். இரண்டையும் முந்தின நாளே பார்த்துவிடுங்கள். ஹெல்மெட் இல்லாமல், சைடு மிரரைக் கழற்றிவிட்ட வண்டியில் போய் நிற்காதீர்கள்.

ஸ்கூட்டர் மட்டும்தான் ஓட்டுவேன். கியர் பைக்கில் தேர்வு கொடுக்க வேண்டுமா? கார் ஆட்டோமேட்டிக்காக இருந்தால்?
– ஆசிரியை, நாகர்கோவில்

இருசக்கர வாகனத்தில் இரண்டு வகை உண்டு. கியர் உள்ளதற்கு எடுத்தால் ஸ்கூட்டரும் ஓட்டலாம். கியர் இல்லாததற்கு எடுத்தால் கியர் பைக் ஓட்டக் கூடாது. வீட்டில் பைக் இருந்து, என்றாவது ஓட்டும் வாய்ப்பும் இருந்தால் கியர் உள்ளதற்கே விண்ணப்பியுங்கள். காரில் இந்தப் பிரிவினை கிடையாது. ஆட்டோமேட்டிக்கில் தேர்வு கொடுத்தாலும் வருவது அதே இலகுரக வாகன லைசென்ஸ்தான். ஆனால் ஆட்டோமேட்டிக் மட்டுமே பழகியவர் கிளட்ச் உள்ள காரைச் சாலைக்கு எடுக்கும்முன் தனியாகப் பயிற்சி எடுத்தே ஆக வேண்டும். சட்டம் கேட்காவிட்டாலும் மேடு கேட்கும்.

கார் ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தில் இடித்துவிடுகிறேன். மேட்டில் நிறுத்தி எடுத்தால் பின்னால் உருள்கிறது, இல்லையென்றால் ஆஃப் ஆகிவிடுகிறது.
– வங்கி ஊழியர், ஈரோடு

மேட்டை முதலில் பார்ப்போம். பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலரேட்டருக்குக் கொண்டுபோகும் இடைவெளியில்தான் கார் உருள்கிறது. அந்த இடைவெளியை நிரப்பவே ஹேண்ட் பிரேக். நின்றதும் ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். முதல் கியர் போட்டு, ஆக்சிலரேட்டரை லேசாகக் கொடுத்துக்கொண்டு, கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் தணியும், பானெட் சற்றே தூக்கும். அதுதான் கிளட்ச் பிடிக்கும் இடம். இடது காலை அங்கேயே நிறுத்திவிட்டு ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். கார் நகரத் தொடங்கி ஒரு வண்டி நீளம் போனபிறகுதான் கிளட்ச்சை முழுதாக விட வேண்டும். ஆஃப் ஆகிறது என்றால், நகர்ந்த மகிழ்ச்சியில் காலைச் சட்டென்று தூக்கிவிடுகிறீர்கள் என்று அர்த்தம்.

இனி ரிவர்ஸ். பின்னால் போய்க்கொண்டே திருப்பும்போது காரின் முன்பகுதி எதிர்ப்பக்கமாக வெளியே வீசும். எல்லாரும் பின்பக்கத்தையே பார்ப்பதால் முன் மூலைதான் கம்பத்தில் படும். திருப்பத் தொடங்கும் இடத்தையும் மாற்றுங்கள். உங்கள் பின் சக்கரம் வளைவின் மூலையைத் தாண்டுவதற்குமுன் ஸ்டீயரிங்கை ஒடித்தால் உள்பக்கம் இடிக்கும், வெகுவாகத் தாண்டியபின் ஒடித்தால் முன் மூலை இடிக்கும். சக்கரம் மூலைக்கு நேராக வந்ததும் காரை ஊர்ந்துபோக விட்டுத் திருப்புங்கள். பெரும்பாலான கார்களில் நேர் நிலையிலிருந்து முழுதாக ஒடிக்க ஏறக்குறைய ஒன்றரைச் சுற்று. உங்கள் காரில் எத்தனை என்று ஒருமுறை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை சுற்று ஒடித்தீர்களோ அத்தனையும் திருப்பிவிட்டால்தான் சக்கரம் நேராகும். குழப்பம் வந்தால் நிறுத்துங்கள். இரு பக்கக் கண்ணாடியையும், தலையைத் திருப்பிப் பின் கண்ணாடியையும் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

வேகம் முழுவதும் பாதி கிளட்ச்சில். சமதளத்தில் ரிவர்ஸுக்கு ஆக்சிலரேட்டரே வேண்டாம்.

சாலையில் ஓட்டிக் காட்டும்போது பலர் தோற்பது கியரில் இல்லை. உட்கார்ந்ததும் இருக்கையையும் கண்ணாடியையும் சரிசெய்து சீட் பெல்ட் போட்டீர்களா, ஓரத்திலிருந்து எடுக்கும்முன் கண்ணாடியும் தோளுக்குப் பின்னாலும் பார்த்தீர்களா, திரும்புவதற்குமுன் இண்டிகேட்டர் போட்டீர்களா என்பதை ஆய்வாளர் கவனிப்பார். கண்களை மட்டும் அசைத்தால் அவருக்குத் தெரியாது. தலை திரும்ப வேண்டும். தேர்வுத் தளம் அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும், சில இடங்களில் சென்சாரும் கேமராவும் வைத்த தானியங்கித் தளமே இருக்கிறது. ஒரு நாள் முன்னதாகப் போய்ப் பார்த்துவருவது நல்லது.

எனக்கு 46 வயது. கண்ணாடி போடுகிறேன். இனிமேல் லைசென்ஸ் தருவார்களா?
– இல்லத்தரசி, தஞ்சாவூர்

உறுதியாகத் தருவார்கள். 40 வயதைத் தாண்டியவர்கள் படிவம் 1ஏ–வில் பதிவுபெற்ற மருத்துவரின் சான்று வைக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். அதற்குக் குறைந்த வயதினர் படிவம் 1–இல் தாங்களே உறுதிமொழி தருகிறார்கள். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் உள்ள கார் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா என்பது அதில் உள்ள கேள்விகளில் ஒன்று. கண்ணாடி போட்டுக்கொண்டே படிக்கலாம். வலிப்பு, திடீர் மயக்கம், மாலைக்கண் போன்றவற்றையும் கேட்பார்கள். மறைக்காதீர்கள். லேசான, நடுத்தர அளவு நிறக்குருடு இருப்பவர்களுக்கும் 2020 திருத்தத்துக்குப் பிறகு வழி இருக்கிறது.

உங்கள் வயதில் எடுக்கும் லைசென்ஸ் 10 ஆண்டுகள் செல்லும். 30 வயதுக்குள் எடுப்பவருக்கு 40 வயது நிறையும்வரை, 50 முதல் 55 வயதுக்குள் எடுப்பவருக்கு 60 வரை, அதற்குமேல் 5 ஆண்டுகள். காலாவதியாகி ஓராண்டு தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும்.

டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தால் ஆர்.டி.ஓ ஆபீஸில் ஓட்டிக் காட்ட வேண்டாம் என்று வாட்ஸ்ஆப்பில் வந்தது. உண்மையா?
– வாசகர், கோவை

2024 ஜூன் 1 முதல் புது விதி என்று பரவிய செய்திதான் அது. விதியில் மாற்றம் எதுவும் இல்லை என்று மத்திய அரசே அப்போது விளக்கம் தந்தது. அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையம் என்ற தனி ஏற்பாடு 2021 ஜூலை முதல் இருக்கிறது. இலகுரக வாகனத்துக்கு அங்கே 4 வாரத்துக்குள் 29 மணி நேரப் பயிற்சி: 8 மணி நேரம் வகுப்பு, 21 மணி நேரம் ஓட்டுதல். அதில் தேறிச் சான்று பெற்றவருக்கு மட்டும்தான் ஓட்டுநர் தேர்விலிருந்து விலக்கு. அப்படி ஒரு மையத்துக்குக் குறைந்தது ஓர் ஏக்கர் நிலமே வேண்டும். தெருவோரம் இருக்கும் சாதாரண டிரைவிங் ஸ்கூலின் சான்று இந்த விலக்கைத் தராது.

அதற்காகச் சாதாரண ஸ்கூல் பயனற்றது என்று நினைக்க வேண்டாம். பயிற்றுநர் பக்கத்திலும் பிரேக், கிளட்ச் உள்ள கார் அங்கேதான் கிடைக்கும். சேரும்முன் கேட்க வேண்டியவை: ஒரு நாளைக்கு என் கை ஸ்டீயரிங்கில் எத்தனை நிமிடம், ஒரே காரில் எத்தனை பேர், மேடு, ரிவர்ஸ், இரவு ஓட்டம் உண்டா. நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் வேறு இடம் பாருங்கள்.

தேர்வுக்கு எப்போது போகலாம்? தோற்றால்? எல்.எல்.ஆர் காலாவதி ஆகிவிட்டால்?
– பலர் கேட்டது

எல்.எல்.ஆர் கிடைத்து 30 நாள் ஆனபிறகுதான் தேர்வு. எல்.எல்.ஆரின் ஆயுள் 6 மாதம், அது முடிந்தால் புதிதாக எடுக்க வேண்டும். தோற்றால் 7 நாள் கழித்து மறுபடி வரலாம். மூன்று முறை தோற்றால் கடைசித் தேர்விலிருந்து 60 நாள் காத்திருக்க வேண்டும். இந்தக் கணக்கைக் கவனியுங்கள்: ஐந்தாம் மாதத்தில் முதல் தேர்வுக்குப் போகிறவர் தோற்று, அடுத்த ஸ்லாட் தள்ளிப்போனால் எல்.எல்.ஆரே முடிந்துவிடும். இரண்டாம் மாத இறுதிக்குள் முதல் முயற்சியை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லாட்டை முன்கூட்டியே இணையத்தில் பதிவுசெய்துவிடுங்கள். அன்று கொண்டுபோகும் வண்டிக்கு ஆர்.சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் நடப்பில் இருக்க வேண்டும். இன்சூரன்ஸ் முந்தின வாரம் முடிந்துபோயிருந்தால், எவ்வளவு நன்றாக ஓட்டினாலும் தேர்வு நடக்காது.

சொந்தக் கார் லைசென்ஸை வைத்துக்கொண்டு டாக்ஸி ஓட்டலாமா? எட்டாவது படித்திருக்க வேண்டுமா?
– வாசகர், தூத்துக்குடி

2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தந்த தீர்ப்பின்படி, இலகுரக வாகன லைசென்ஸ் உள்ளவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தை (டாக்ஸி போல வாடகைக்கு ஓடுவது) லைசென்ஸில் தனிப் பதிவு இல்லாமலே ஓட்டலாம். அதற்கு மேற்பட்ட எடையுள்ள லாரி, பஸ்ஸுக்குத் தனி உரிமம் வேண்டும். அதற்கு வயது 20, இலகுரக லைசென்ஸ் எடுத்து ஓராண்டும் ஆகியிருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு நிபந்தனையை 2019–இலேயே நீக்கிவிட்டார்கள்.

தேர்ச்சி பெற்று நாளாகிறது, கார்டு கையில் வரவில்லை. அதுவரை எதைக் காட்டுவது?
– வாசகி, வேலூர்

தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி 28 முதல் லைசென்ஸ் விரைவு அஞ்சலில்தான் வருகிறது, அலுவலகத்தில் நேரில் தருவதில்லை. ஆதாரில் பழைய வீட்டு முகவரியே இருந்தால் கார்டு அங்கே போய், ஆளில்லை என்று திரும்பிவிடும். கதவு எண், பின்கோடு, கைப்பேசி எண் மூன்றையும் விண்ணப்பத்தில் சரிபாருங்கள். கார்டு வரும்வரை டிஜிலாக்கரிலோ எம்–பரிவாகன் செயலியிலோ லைசென்ஸ் வந்துவிட்டதா என்று பாருங்கள். அதில் தெரிவது அசலுக்குச் சமம், சோதனையில் ஏற்க வேண்டும். கார்டைப் படமெடுத்து கைப்பேசியில் வைத்திருப்பது செல்லாது.